‘திருப்பிக் கொடுங்கள்’ என்ற செய்தி நம் வீடு வரை வருகிறதா?

2022ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இரவு. வேலூரில் ஒரு வீட்டில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டுவிட்டுத் தந்தையும் மகளும் உறங்கச் சென்றார்கள். இரவில் வண்டி தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறி இருவருமே இறந்து போனார்கள். அதற்கு மறுநாள் புனே நகரில், சாலையோரம் நின்றுகொண்டிருந்த வேறொரு நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் எரிந்த காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்தது. இரண்டாவதாக எரிந்தது ஓலா வண்டி. அது தயாரான இடம் நம் ஊத்தங்கரைக்குப் பக்கத்து வட்டமான போச்சம்பள்ளி.

அடுத்த மாதமே மூன்று நிறுவனங்கள் தாங்கள் விற்ற வண்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தன. ஏப்ரல் 16 அன்று ஒக்கினாவா நிறுவனம் 3,215 வண்டிகளை அழைத்தது. 21ஆம் தேதி பியூர் ஈ.வி. நிறுவனம் 2,000 வண்டிகளை அழைத்தது. 24ஆம் தேதி ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளை அழைத்தது. ஆக 6,656 வண்டிகள். குறைபாடுள்ள வண்டிகளை உடனே திரும்பப் பெறுங்கள், அசட்டையாக இருந்தால் கடும் அபராதம் விதிக்கப்படும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அந்த வாரத்தில்தான் எச்சரித்திருந்தார்.

அந்த நாள்களில் நம் வீடுகளில் நாம் என்ன பேசிக்கொண்டோம் என்று நினைத்துப் பார்க்கிறோம். வண்டி வாங்கியவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. கம்பெனிக்கு என்ன ஆகுமோ என்றுதான் பேசினோம். 2021 செப்டம்பரில் அந்தத் தொழிற்சாலை முழுவதையும் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று நிறுவனத்தார் அறிவித்தபோது, நம் வட்டாரத்துப் பெற்றோருக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. அதிகாலையில் முக்கூட்டு ரோட்டில் கம்பெனி பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண் பிள்ளைகளின் சம்பளத்தில் நம் வீடுகளின் கடன் அடைந்தது, தங்கையின் படிப்பு நடந்தது. எனவே ‘திரும்பப் பெறுகிறார்கள்’ என்ற செய்தி நம் காதில் ‘வேலை போகப் போகிறது’ என்றே விழுந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொருளைச் செய்கிறவர்களும் நாமே, அதைக் கடன் வாங்கி வாங்குகிறவர்களும் நாமே என்ற நிலையில் வாழும் நாம், இந்தச் செய்தியை இன்னும் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பப் பெறுதல் என்றால் என்ன? விற்ற பிறகு ஒரு பொருளில் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், செய்தவரே தம் செலவில் அதைச் சரிசெய்வது, மாற்றித் தருவது, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. இதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. பொருளைத் திரும்பப் பெறாத நிறுவனம் குறையே இல்லாத நிறுவனம் என்று யாரும் சொல்ல முடியாது. ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனமும் 2023 ஜூலை முதல் செப்டம்பர் வரை தயாரான தன் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர்களில் ‘பிரிட்ஜ் டியூப்’ என்ற பாகத்தின் உறுதியைச் சோதிப்பதற்காக 2024இல் அவற்றை அழைத்தது. பழுதிருந்தால் கட்டணமின்றிச் சரிசெய்வதாகச் சொன்னது. இப்படி அழைப்பதைப் பார்த்து வண்டி வாங்க அஞ்ச வேண்டியதில்லை. அழைப்பு வந்தும் போகாமலிருப்பதுதான் அச்சத்துக்குரியது.

ஆனால் இந்த அழைப்பு எந்தச் சொற்களில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘முன்னெச்சரிக்கைப் பரிசோதனை’, ‘இலவச மேம்பாடு’, ‘உடல்நலச் சோதனை’ போன்ற சொற்கள் காதுக்கு இனிமையாக இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்ற செய்தி அவற்றுக்குள் மறைந்து விடுகிறது. சர்வீஸ் சென்டரில் கூட்டமாக இருக்கும், ஒரு நாள் கூலி போய்விடும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாமும் இருந்து விடுகிறோம்.

இது புதிய பழக்கம் அல்ல. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசங்கில் என்ற நிறுவனம் தொண்டை வலிக்கு ஒரு சிரப்பு செய்து விற்றது. மருந்தைக் கரைப்பதற்கு அவர்கள் பயன்படுத்திய டைஎத்திலீன் கிளைகால் ஒரு நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். நிறுவனம் மருந்துக் கடைகளுக்கும் மருத்துவர்களுக்கும் தந்தி அனுப்பியது. ஆனால் முதல் தந்தியில் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டுமே இருந்தது. இது உயிரைக் கொல்லும் என்ற சொல் இல்லை. அரசு அதிகாரிகள் வற்புறுத்திய பிறகுதான் உயிருக்கு ஆபத்து என்று இரண்டாவது தந்தி போனது. பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் 239 பேர், ஏறக்குறைய அவர்களுடைய முழுப்படையுமே, ஊர் ஊராக, வீடு வீடாக அந்தப் பாட்டில்களைத் தேடிப் புறப்பட்டனர். மருந்து கொடுக்கப்பட்ட மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் குடும்பம் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவனைத் தேடும் ஆய்வாளருக்கு உதவுவதற்காக ஒரு மருத்துவர் தம் திருமணத்தையே தள்ளி வைத்தார் என்று அந்த நிர்வாகத்தின் வரலாறு சொல்கிறது. தயாரான 240 கேலனில் 234 கேலனுக்கு மேல் மீட்கப்பட்டது. இத்தனைக்கும் நஞ்சை விற்றதற்காக அந்த நிறுவனத்தைப் பிடிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. ஆல்கஹால் இல்லாத மருந்தை ‘எலிக்சிர்’ என்று தவறான பெயரில் விற்றது மட்டுமே குற்றமாக இருந்தது! அதனால்தான் அடுத்த ஆண்டு, 1938இல், அங்கே புதிய சட்டம் பிறந்தது.

88 ஆண்டுகள் கழித்து அதே நஞ்சு நம் தமிழ்நாட்டிலிருந்தே புறப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் நிறுவனத்தின் ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 20க்கும் மேற்பட்டோர் 2025இல் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் எண் கொண்ட மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டின் ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு. அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. பிறகு நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது. கடை அலமாரியில் இருந்த பாட்டிலை அதிகாரி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நம் வீட்டு ஜன்னல் திட்டில், போன முறை பெரியவனுக்கு வாங்கி, பாதி மீந்து, சின்னவளுக்குச் சளி பிடித்தால் ஆகுமே என்று வைத்திருக்கும் பாட்டிலை எடுக்க யார் வருவார்? அந்தப் பாட்டிலுக்கு பில் கிடையாது. பேட்ச் நம்பர் அச்சிட்ட அட்டைப்பெட்டியை என்றோ எறிந்துவிட்டோம்.

இங்கேதான் நம்மைப் போன்ற ஊர்களின் உண்மையான சிக்கல் இருக்கிறது. திரும்பப் பெறும் ஏற்பாடு எல்லாமே பொருளை வாங்கியவர் யார், அவருடைய கைப்பேசி எண் எது என்று நிறுவனத்துக்குத் தெரியும் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. நம் வீட்டுக்குப் பொருள்கள் வரும் வழியோ வேறு. பெங்களூருவில் வேலை செய்யும் மைத்துனர் தாம் புதிது வாங்கியதும் பழைய கிரைண்டரை ஊருக்கு அனுப்பி வைக்கிறார். ஓசூரில் ஒருவர் இரண்டு ஆண்டு ஓட்டிய ஸ்கூட்டர் கிருஷ்ணகிரி தரகர் வழியாக நம் தெருவுக்கு வருகிறது. பைக்கில் பாத்திரம் கட்டிக்கொண்டு வரும் தவணைக்காரரிடம் வாரம் நூறு ரூபாய் கட்டி குக்கர் வாங்குகிறோம். நிறுவனத்தின் செய்தி முதலில் வாங்கியவரின் பழைய எண்ணுக்குப் போகிறது. அவர் அதை அழித்து விடுகிறார். வண்டி நம் திண்ணையில் நிற்கிறது.

குக்கரைப் பற்றிச் சொன்னோம். வீட்டு உபயோக பிரஷர் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசான் நிறுவனத்துக்கும் பிளிப்கார்ட் நிறுவனத்துக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசானில் விற்ற 2,265 குக்கர்களையும் பிளிப்கார்டில் விற்ற 598 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. இணையத்தில் விற்றதால் ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்குப் போனது என்பது எழுத்தில் இருந்தது. வாரச்சந்தையில் விற்ற குக்கருக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. அதன் சேஃப்டி வால்வு உருகாமல் அடைத்துக்கொண்டால், அடுப்படியில் நிற்கும் நம் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும்.

சட்டம் இல்லை என்று நாம் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மேற்சொன்ன ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. பழுதான பொருளால் காயமடைந்தவர் செய்தவரிடமும், சில சூழ்நிலைகளில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் அச்சட்டப்படி நுகர்வோரே. மோட்டார் வாகனங்களுக்கு, 2021 ஏப்ரல் முதல், மத்திய அரசே நிறுவனங்களைத் திரும்பப் பெறச் சொல்லும் விதி வந்திருக்கிறது. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும்; அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். இந்த விதியில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விற்பனையான எண்ணிக்கைக்கு ஏற்ப, குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் ஒரே குறையைப் பதிவு செய்தால்தான் கட்டாய நடவடிக்கை தொடங்கும். மெக்கானிக் கடையில் நின்று நாம் திட்டும் திட்டுகள் அந்தக் கணக்கில் சேராது. நம் மக்கள் திட்டுவதில் குறை வைப்பதில்லை. எழுதிக் கொடுப்பதில்தான் தயங்குகிறோம்.

தீ விபத்துகளுக்குப் பிறகு அரசு நிபுணர் குழு அமைத்தது. பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, முதல் கட்டம் 2022 டிசம்பர் 1இலும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31இலும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரானவை எல்லாம் ஆபத்தான வண்டிகள் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை விலை பேசும்போது, ஆர்.சி. புத்தகத்தில் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும் இடத்தை முதலில் பார்ப்பது நல்லது. நாமோ பெயிண்டைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம்.

இனி, செய்கிறவர்களின் பக்கத்துக்கு வருவோம். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் என்று எங்கு வேலை செய்தாலும், ஒரு பாகம் சரியாகப் பொருந்தவில்லை என்பது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிவதற்கு முன், லைனில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியும். அவள் சொல்வாளா? ஒப்பந்த வேலை. இன்றைய எண்ணிக்கை முடிய வேண்டும். லைனை நிறுத்தினால் சூப்பர்வைசர் முகம் மாறும். நாளைக்குப் பேருந்தில் இடம் இருக்குமோ இருக்காதோ. நாமே அவளிடம், உனக்கு எதற்கு வம்பு, கொடுத்த வேலையைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியனுப்புகிறோம். அந்தப் பிள்ளையைக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை. ஆனால் அவள் வாய் திறக்க முடியாத இடத்தில்தான் பிறகு ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேரிடுகிறது. குறையைச் சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியைத் தொழிற்சாலைகள் எழுத்தில் தர வேண்டும்; நம் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. முன்பின் முட்டாத மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால், உரிமையாளர்மேல் பழி இல்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், நடந்த சாவுக்கு அவரே பொறுப்பு. எருது விடும் விழா நடக்கும் நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த வீட்டு மாடு எப்படிப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்த நாள் முதல் நீ என்ன செய்தாய்? பேட்டரி செய்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

அன்பு வாசகர்களே, அந்தக் கேள்வி நிறுவனத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நமக்குச் சங்கடம். சார்ஜ் போடும்போது சூடாகிறது, அவ்வப்போது தீய்ந்த வாடை வருகிறது என்று தெரிந்துதானே நாம் அந்த வண்டியைத் தள்ளிவிட்டோம்? அதை வாங்குபவரிடம் சொன்னோமா? தவலையும் குத்துவிளக்கும் போலவே, ஓடாத மிக்ஸியும் வால்வு போன குக்கரும் பங்குத் திருவிழா ஏலத்துக்கு வந்து சேர்கின்றன. ஏலத்தில் எடுப்பவர் பெரும்பாலும் நம்மிலும் ஏழையானவர். மின்சாரமும் நெருப்பும் சம்பந்தப்பட்ட பழைய பொருளை, சரிபார்க்காமல் தானமாகக் கொடுக்காமலிருப்பது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பில்லைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைக்கிறேன் என்றால், அந்த நூறு ரூபாய்க்கு நாம் எதை விற்கிறோம் என்று யோசிக்கலாம். மருந்தை அட்டைப்பெட்டியோடு வைக்கலாம்; குழந்தைகளின் மீந்த சிரப்பை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கவே வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும்; அது உண்மையானதா என்று ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் நம் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். வண்டியின் சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இதற்கு ஏதாவது திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்று கேட்டால் அவர்கள் சொல்லியாக வேண்டும். மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், திருட்டுப் பயத்தில் அதை வீட்டின் ஒரே வாசலை அடைத்து நிறுத்தி இரவு முழுவதும் சார்ஜ் போடும் வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இருக்காது.

கேட்டும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். எரிந்த பாகத்தைக் குப்பையில் போட்டுவிடாமல், மாற்றாமல், அப்படியே படம் எடுத்துப் பத்திரப்படுத்துவது முக்கியம். சர்வீஸ் சென்டரில் ‘பழசைக் கொடுங்கள், புதிது தருகிறோம்’ என்று அன்பாகக் கேட்டாலும், எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுத்துவிடக் கூடாது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, கட்டட வேலை செய்யும் ஓர் அண்ணன் மட்டும் அமைதியாக இருந்தார். அவர் வைத்திருப்பது கைமாறி வந்த மின்சார ஸ்கூட்டர். பெயர் மாற்றக்கூட இல்லை. கூட்டம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அவருடைய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் பேசினான். அழைப்பு ஏற்கனவே போயிருந்தது. பெங்களூருவில் முதலில் வாங்கியவரின் எண்ணுக்கு, மூன்று முறை. அந்த வாரமே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை. கணினியில் பழைய எண்ணை எடுத்துவிட்டு அவருடைய எண்ணைப் போடச் சொல்லிவிட்டு வந்தாராம். பெயர் மாற்றும் விண்ணப்பத்துக்கு அந்தத் தம்பியே இப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான்.